பதினேழு வளைவும் ஒரு மாமியாரும்!

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் போன வருஷம் மனைவியோடு தென்னாப்பிரிக்கா போனார். போனதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திரும்பி வந்ததில்தான் வினை! க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாவற்றையும் பார்த்தாராம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் கூடவே செல்போனையும் திறந்துவிடுவார். "இதோ பாருங்க சார், நம்ம கார் நிழல்ல சிங்கம் படுத்திருக்கு!" என்பார். என் தயிர்சாதத்தின் மேல் தினமும் ஒரு சிங்கத்தின் நிழல் விழுந்தது.

விசாரித்ததில் விஷயம் பெரிசுதான். 1926-ல் தேசியப் பூங்காவான இடம். பத்தொன்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. நம் தேனி மாவட்டத்தைப் போல ஆறு மாவட்டங்களை உள்ளே வைத்துப் பூட்டலாம். சொந்தமாகவே ஓட்டிக்கொண்டு போகலாம், ஆனால் சட்டதிட்டம் உண்டு. தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகம், மண் ரோட்டில் 40. கண்ட இடத்தில் காரை விட்டு இறங்கக் கூடாது. இருட்டுவதற்குள் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தேன். "ஏம்மா, நாமளும் ஒரு தடவை இந்த மாதிரி..."

மனைவி பாஸ்புக்கை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சில மனைவிகள் பேசுவார்கள். சில மனைவிகள் பாஸ்புக்கைப் பேச விடுவார்கள்.

பிறகு அவளே கேட்டாள். "நீங்களே கார் ஓட்டணும், காடு இருக்கணும், யானை வரணும், வெளிநாடா இருக்கணும். அவ்வளவுதானே? எங்க ஊருக்கு வாங்க."

"போடிநாயக்கனூர் எப்ப வெளிநாடு ஆச்சு?"

"போடியிலேர்ந்து 26 கிலோமீட்டர் மலை ஏறினா போர்டெல்லாம் மலையாளத்துல இருக்கும். நம்ம பாஸ்புக்குக்கு அந்த வெளிநாடு போதும்."

அவள் மனசில் வேறு ஒரு கணக்கு இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

* * *

சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போடி. சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் போடிக்காரர்களிடம் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. 1928-ல் இந்த ஊருக்கு வந்த மீட்டர் கேஜ் ரயிலை, அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டரை வருஷம்! அப்போது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு ரயில் பார்க்க வந்திருப்பான்.

ஊருக்குள் நுழைந்ததும் மூக்குக்குத்தான் முதல் வரவேற்பு. ஏலக்காய்! பாயசத்தில் வரும் ஒற்றை ஏலக்காய் வாசனை அல்ல. மூட்டை மூட்டையாக, கிட்டங்கி கிட்டங்கியாக வாசனை. மலையில் விளைவது இங்கே வந்துதான் சலித்து, தரம் பிரித்து, விலை போகிறது. ஸ்பைசஸ் போர்டின் ஈ-ஏலம் நடக்கிற ஊர்களில் இது ஒன்று, மலைக்கு மேலே கேரளாவின் புத்தடி இன்னொன்று. (ஏலக்காய்க்கே ஏலம்! தமிழில் இந்த வசதி உண்டு.) 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் வந்து விழுந்தது. பங்குச் சந்தையில் பணம் போட்டவனைவிட ஏலத்தோட்டக்காரனுக்கு ரத்தக்கொதிப்பு ஏன் அதிகம் என்று இப்போது புரிகிறதா?

மாமியார் வாசலில் நின்றிருந்தார். "மாப்பிள்ளையைக் கைகால் கழுவச் சொல்லு" என்றார், மகளைப் பார்த்து.

இங்கே என் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னோடு நேரடியாகப் பேசிய வாக்கியங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அது அந்தப் பக்கத்துப் பழைய மரியாதை. மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். "மாப்பிள்ளைக்குக் காபி வேணுமான்னு கேளு," "மாப்பிள்ளைக்கு மெத்தை போட்டாச்சுன்னு சொல்லு." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆபீஸில் இதை வைத்து நான் அடிக்காத ஜோக் கிடையாது. 'எனக்கு மாமியாரோட பிரச்னையே இல்லை, எங்களுக்கு நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கார்' என்பது அதில் சூப்பர்ஹிட்.

"நாளைக்கு மலைக்குப் போறோம்மா, நீயும் வாயேன்" என்றாள் மனைவி.

"அந்த மலையை நான் பாக்காததா?" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மாப்பிள்ளைய விடியக்காலம் கிளம்பச் சொல்லு. ஜீப்பு போற நேரத்துல போனா ரோட்டுல துணை இருக்கும்."

நான் எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தேன். நாலரை மணிக்கே எழுப்பப்பட்டேன்.

* * *

வாகனம், மச்சினனின் மாருதி 800. உற்பத்தியை நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி. ஆனால் இன்னும் தனக்கு அந்தச் செய்தி வரவில்லை என்பது போல ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் இருந்தது. அலங்காரத்துக்கு.

போடியைத் தாண்டி முந்தல் வந்ததும் ரோடு பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, ஒன்று போடிமெட்டுக்கு. குரங்கணி என்றதும் இரண்டு விஷயம் ஞாபகம் வர வேண்டும். ஒன்று பெருமை. மூணாறில் வெள்ளைக்காரன் தேயிலை போட்ட காலத்தில், பெட்டி பெட்டியாகத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போனது. அந்த மலை ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்குப் பெயர் மட்டும் இன்னும் டாப் ஸ்டேஷன்!

இன்னொன்று துக்கம். 2018 மார்ச் 11. மலையேற வந்தவர்கள் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் நம்மைப் போல வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு லீவில் மலை பார்க்க வந்த இளைஞர்கள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் புல் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் 'சும்மா ஒரு நடை' என்று காட்டுக்குள் காலை வைக்காதீர்கள்.

நாங்கள் போடிமெட்டு ரோட்டில் திரும்பினோம். கொச்சியிலிருந்து தொண்டி போகிற தேசிய நெடுஞ்சாலை 85. முந்தலிலிருந்து மேலே மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. உச்சிக்குப் போனால் சுமார் நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரம்.

முதல் நாலு வளைவு ஜம்மென்று ஏறினேன். "க்ரூகர்ல எல்லாம் தரை சமமா இருக்குமாம். அதுல ஓட்டறது ஒரு பெரிய விஷயமா?" என்று பக்கத்து சீட்டுக்காரரை மானசீகமாக ஒரு இடி இடித்தேன். ஏழாவது வளைவில் காது அடைத்தது. எட்டாவது வளைவில் வாயும் அடைத்தது.

ஒன்பதாவது வளைவுக்குள் பாதி திரும்பியபோது மூன்றாவது கியரில் இருப்பது தெரிந்தது. மாற்றுவதற்குள் வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றது. பின்னால் நகர ஆரம்பித்தது.

நண்பர்களே, சமதரையில் கார் பின்னால் போவதற்கு ரிவர்ஸ் என்று பெயர். மலையில் கார் தானாகப் பின்னால் போவதற்கு வேறு பெயர்கள் உண்டு. எல்லாம் தெய்வங்களின் பெயர்கள். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு அவற்றை வரிசையாகச் சொன்னேன். மனைவி திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஜீப்பு நிக்குதுங்க" என்றாள். அடுத்த நிமிஷம் டிரைவர் குதித்து ஓடி வந்து, பின் டயருக்குக் கீழே ஒரு பெரிய கல்லை வைத்தார். ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சார், பயப்படாதீங்க. பிரேக்கை மட்டும் விட்றாதீங்க. மொத தடவையா?"

"ஹி... ஹி... மலையில மொத தடவை."

ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள்! அவ்வளவு பேர் அதற்குள் எப்படி இருந்தார்கள் என்பதை ஏதாவது ஒரு எம்.பி.ஏ. கல்லூரி ஆராய வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். போடி, தேவாரம், கம்பம் என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து தினம் விடியலில் ஜீப் ஏறி, மலை தாண்டிக் கேரளாவுக்குப் போய், வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அதில் ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா காருக்குள் குனிந்து என் மனைவியையே பார்த்தார்.

"ஏத்தா... நீ நம்ம பின்சீட்டக்கா மவதான? மூக்கு அப்படியே இருக்கே!"

பின்சீட்டக்கா? நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்கம்மாவுக்கு ஜீப்புல அதுதான் பேருங்க" என்றாள்.

* * *

மாமியார் தோட்ட வேலைக்குப் போனவர் என்று தெரியும். கல்யாணப் பேச்சின்போதே சொன்னார்கள். 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு நான் அடுத்த ஜாங்கிரியை எடுத்தவன். இருபத்திரண்டு வருஷம் போனார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா, "அங்க மூச்சு முட்டுது, இதுல எடம் கெடக்கு" என்று எங்கள் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் அது. ஏனென்றால் மிச்சம் எட்டு வளைவையும் காரை ஓட்டியது அவர்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவே.

"தம்பி, வளைவு வருது, ஹாரன் அடி. கீழேர்ந்து ஏறுற வண்டிக்குத்தான் மொத வழி, அவன் நிப்பான், நீ போ. இப்ப கியரை மாத்து..."

நடுநடுவே என் மனைவியிடம் கதை. "ஒங்கம்மா கடைசி ஆளா ஏறும். உள்ள எடத்தை வயசானவுகளுக்கு விட்டுரும். பின்னாடி படியோரம்தான் அதுக்கு சீட்டு. மழைச்சாரல் பூரா அதுக்குத்தான்."

பன்னிரண்டாவது வளைவு வந்தது. அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா, இந்த எடத்துலதான் அன்னிக்கு ஜீப்பு சரிஞ்சுச்சு. ஒங்கம்மா வெரலு நசுங்குனது இங்கதான்."

"எந்த விரல்?" என்றாள் மனைவி.

"எடது கை மோதிர வெரலு. நீ காலேசு சேர்ற வருசம். அன்னிக்கு வாரக்கூலி வாங்கிட்டு எறங்குறோம், மழை. சக்கரம் வழுக்கி ஓரத்துல சாஞ்சிருச்சு. புண்ணியத்துக்கு உருளலை. வெரலைத் துண்டுல சுத்திக்கிட்டு, 'எம்மவகிட்ட யாரும் சொல்லிப்புடாதீக, படிக்க மாட்டேன்னு உக்காந்துரும்'னுச்சு. மூணு நா கழிச்சு மறுபடி ஜீப்புல ஏறிருச்சு."

காருக்குள் கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் மட்டும்தான்.

"ஆட்டுரல்ல நசுங்கிடுச்சுன்னு சொன்னாங்க" என்றாள் மனைவி, யாரிடமும் இல்லாமல்.

* * *

போடிமெட்டில் செக்போஸ்ட், டீக்கடை, பனி. திரும்பிப் பார்த்தால் கீழே போடி சமவெளி வெயிலில் கிடக்கிறது. முன்னால் பார்த்தால் மேகம் ரோட்டில் நடந்து போகிறது. ஆச்சு, வெளிநாடு வந்துவிட்டது! டீக்கடைக்காரரிடம் என் மலையாளப் புலமையைக் காட்டினேன். "சேட்டா, ரெண்டு சாயா!"

"சீனி கம்மியா போடவாண்ணே?" என்றார் அவர், சுத்தமான போடித் தமிழில்.

இதில் சரித்திரம் இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு பக்கம் தமிழர்கள் நிறைய என்பதால் அந்தப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது அவை கேரளாவுக்குப் போயின. கோடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். கொழுக்குமலை கதை இன்னும் வேடிக்கை. இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டியில் போக வேண்டுமானால் கேரளாவின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான்!

பூப்பாறைப் பக்கம் அந்த அம்மா வேலை செய்யும் தோட்டம். சூப்பர்வைசரிடம் சொல்லி, கொஞ்ச நேரம் உள்ளே பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடி. நான் அண்ணாந்து காயைத் தேடினேன். எல்லோரும் சிரித்தார்கள். காய் மேலே இல்லை சார், காலடியில்! செடியின் அடியில் தரையோடு சரம் சரமாகப் படர்ந்து கிடக்கிறது. உட்கார்ந்து, குனிந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழித்து அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் வெப்பத்தில் உலர்த்தினால் ஒரு கிலோ காய்ந்த ஏலக்காய். உலகத்திலேயே அதிகம் விளைவிப்பது நாம்தான் என்று இறுமாந்திருந்தோம். இங்கிருந்து கடல் தாண்டிப் போன பயிரை வைத்துக்கொண்டு மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா எப்போதோ நம்மை முந்திவிட்டது.

மனைவி உட்கார்ந்து காய் எடுக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடி. எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நானும் எடுத்தேன். ஏலக்காய் அல்ல, என் காலிலிருந்து அட்டையை! மொத்தம் நாலு. "சாருக்கு இனிப்பு ரத்தம்" என்றார் ஒரு அக்கா. போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

மனைவி எடுத்த கைப்பிடிக் காயை சூப்பர்வைசர் அவளுக்கே கொடுத்துவிட்டார். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

* * *

பூப்பாறையைத் தாண்டினால் ஆனையிரங்கல். பெயரே சொல்கிறது, ஆனை இறங்குகிற இடம். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் அணைத் தண்ணீர், அதற்கு அப்பால் காடு. அடுத்த சின்னக்கானல்தான் அரிக்கொம்பனின் சொந்த ஊர். ரேஷன் கார்டே இல்லாமல் ரேஷன் கடையில் அரிசி எடுத்த ஒரே ஆசாமி! சுவரை இடித்து எடுத்துக்கொள்வார். 2023 ஏப்ரல் 29-ல் அவரை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். அவரோ மேகமலை வழியாக இறங்கி, மே 27-ல் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றார். ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பியது. செய்தியில் படித்தபோது நமக்கெல்லாம் அது சினிமா. இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. இந்தப் பக்கத்தில் யானை வீட்டை இடித்ததும் உண்டு, ஆளைக் கொன்றதும் உண்டு. காடு தோட்டமாகி, தோட்டத்துக்கு நடுவில் ஊரும் வந்துவிட்ட இடத்தில் யாருடைய வழியில் யார் நிற்கிறார்கள் என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

கேப் ரோடு வரைக்கும் போய், மலை விளிம்பில் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் திரும்பினோம். ஆனையிரங்கல் பக்கம் வந்தபோது முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஹாரன் இல்லை. அந்த அமைதியிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

சுமார் நூறடி தூரத்தில், தேயிலைக்குள்ளிருந்து ஒரு யானை ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு குட்டி. அதற்குப் பின்னால் இன்னொரு பெரிசு.

செல்போனை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரரின் சிங்கத்துக்குப் பதில் சொல்ல இதைவிட வாய்ப்பு ஏது? ஆனால் கை வரவில்லை. கால் நடுங்கியது. முன்னால் நின்ற ஒரு காரிலிருந்து ஒரு பையன் போனை நீட்டிக்கொண்டு இறங்கினான். எங்கிருந்தோ ஒரு ஜீப் டிரைவர் பாய்ந்து வந்து, சத்தமே போடாமல் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் காருக்குள் திணித்துக் கதவைச் சாத்தினார். பெரிய யானை காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் கட்ட வேண்டிய இ.எம்.ஐ., மேனேஜர், பிரமோஷன் எல்லாம் எனக்கு சுத்தமாக மறந்துபோயின. பிறகு அது குட்டியைத் துதிக்கையால் லேசாகத் தள்ளியது. மூன்றும் கரையை நோக்கி இறங்கிப் போயின.

போடிமெட்டில் அந்த அம்மாவின் ஜீப் டீக்கு நின்றிருந்தது. ஓடிப்போய், மூச்சு வாங்க யானைக் கதையைச் சொன்னேன். அவர்கள் பெரிசாக ஆச்சரியப்படவில்லை.

"குட்டி கூட இருந்துச்சா? அப்பன்னா ரொம்பக் கிட்டப் போகக் கூடாது தம்பி" என்றார் அந்த அம்மா. "நீங்க லீவு போட்டு வந்து யானை பாக்குறீக. நாங்க யானைனால லேட்டானா அரைக் கூலி போயிருமேன்னு பாக்குறோம்."

இறங்கும்போது பனி கண்ணை மறைத்தது. அவர்கள் ஜீப்பின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே, இரண்டாவது கியரில், பதினேழு வளைவையும் இறங்கினேன். இருட்டுவதற்குள் முந்தல். க்ரூகரில் போர்டு எழுதி வைத்திருக்கிற சட்டமெல்லாம் இந்த மலையில் போர்டு இல்லாமலே இருக்கிறது. மெதுவாகப் போ, வண்டியை விட்டு இறங்காதே, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. அங்கே அது சாகசம். இங்கே அதற்குப் பெயர் ஆபீஸுக்குப் போய்வருவது!

* * *

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பி, கோணலாக இருந்த மோதிர விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "யாரு சொன்னா? அவளா? அவ வாயில எதுவுமே நிக்காதே" என்று கையை இழுத்துக்கொண்டார்.

மனைவி முந்தானையை அவிழ்த்துக் காயைக் கொடுத்தாள். மாமியார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். நகத்தால் பிளந்து விதையைப் பார்த்தார். இன்னொன்றைப் பிளந்தார்.

"இது கறுத்த விதை, நல்ல காயி. இது வெள்ளையா இருக்கு பாரு, பிஞ்சு. யாரு எடுத்தது?"

"நான்தாம்மா."

"எங்க காலமா இருந்தா கங்காணி வஞ்சிருப்பாரு" என்று சிரித்தார். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டார். நான் தெருவைப் பார்த்தேன். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தேன்.

ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் இல்லை. மாமியார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு என்னைப் பார்த்தே கேட்டார்.

"மாப்ளே, வண்டி எந்த வளைவுல நின்னுச்சு?"

"ஒம்பதாவதுலங்க அத்தை."

"நெனைச்சேன். அது பாக்கத்தான் சின்ன வளைவு. உள்ள போயிக் கியரை மாத்தக் கூடாது, எட்டைத் தாண்டுனதுமே மாத்திப்புடணும். அடுத்த வாட்டி நான் பின்னாடி உக்காந்து சொல்றேன். மாத்துங்கன்னா மாத்துங்க."

ஸ்டியரிங்கையே தொட்டிராத மாமியார். அந்த ரோட்டில் அவரைவிடப் பெரிய டிரைவர் யாரும் இல்லை.

ஆபீஸில் இப்போது நான் மாமியார் ஜோக் சொல்வதில்லை. பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், ட்ரிப் போனீங்களே, போட்டோ எங்கே?" என்றார். போட்டோ இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, மாமியார் கொடுத்தனுப்பிய ஏலக்காயைத் தட்டிப் போட்ட பாயசத்தில் ஒரு டம்ளர் கொடுத்தேன். சிங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்.